ஸ்தல ஸ்தாபனங்களும் மென்பொருட் கூட்டுக் கொள்முதலும்

தனி மரம் தோப்பாகாது என்பது நம் முன்னோர் மொழி. ஒருவரால் ஆகாத காரியம் பலர் கூடியவிடத்து எளிதின் முடிதலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். விற்றலும் வாங்கலுமாகிய உலகியலிலும் இஃது உண்மையேயாம். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளரும் பிற தொழிலாளருமாகிய 28 பேர் தம் சிறு சேமிப்பை ஒன்று கூட்டி, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மொத்தமாக வாங்கித் தமக்குள் விற்றுக்கொள்ளத் தொடங்கினர். அன்று தோன்றிய அச்சிறு கடையே உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்திற்கு வித்தாயிற்று என்பர். மாவுக்கும் வெண்ணெய்க்கும் பொருந்திய இம்முறை, கண்ணாற் காணவும் கையாற் பற்றவும் இயலாத மென்பொருளுக்கும் பொருந்துமோ? பொருந்துமாயின் எவ்வளவிற் பொருந்தும்? இதனை அமெரிக்க ஐக்கிய நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கும் இப்பொருளுக்கும் யாது தொடர்பு என நண்பர் சிலர் வினவக் கூடும். ஒப்பந்தம் என்பதும் ஒரு நூலே. அதற்கும் பொதுவிதியும் சிறப்புவிதியும் புறனடையும் உண்டு. அதற்குப் பிழைபட உரை கொள்வார் இழப்பது தேர்வில் இரண்டு மதிப்பெண்ணன்று. ஊரார் செலுத்திய வரிப்பணமாகும். ஆதலின் சொல்லின் பொருளை நுனித்தறியப் பயில்வார்க்கு இது புறம்பான பொருளன்று என்பதே எம் துணிபு.

நூலும் உரிமமும்

எம் விடுதியில் யாம் ஐவர் கூடிப் பெருவிலையுள்ள இலக்கண நூலொன்றை வாங்கினோம். அஃது அறையிலிருந்து அறைக்குச் சென்றது, ஐவரும் படித்தோம், தேர்வு முடிந்தபின் கீழ்வகுப்பு மாணவர் ஒருவருக்குப் பாதி விலைக்கு விற்றோம். தடுத்தார் ஒருவருமிலர். பின்னர் அதே ஐவரும் கட்டுரை எழுதுதற்குரிய மென்பொருளொன்றைப் பங்கிட்டு வாங்கினோம். முதற் கணினியில் அஃது இனிது இயங்கிற்று. இரண்டாங் கணினியிலோ, இவ்வுரிமம் முன்னரே பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று கூறி மறுத்துவிட்டது. நூலை வாங்கியவன் அப்பிரதிக்கு உடையவனாகிறான். மென்பொருளை வாங்கியவனோ அதனைப் பயன்படுத்த இசைவு பெற்றவன் மாத்திரமே ஆகிறான். இவ்வேறுபாட்டை யாம் அன்றுதான் அறிந்தோம்.

இந்நிலை இடையில் வந்ததே. கணினி தோன்றிய காலத்தில் மென்பொருளுக்குத் தனி விலை பெரும்பாலும் இருந்ததில்லை. பொறியை வாங்குவார்க்கு அதனை இயக்கும் நிரல்களும் உடன் வந்தன. 1969-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் பொறிக்கு ஒரு விலையும் மென்பொருளுக்கு வேறு விலையுமாகப் பிரித்து விற்கப் போவதாக அறிவித்தது. 1980-இல் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. 2010-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைப் பற்றிய வழக்கொன்றில், கைமாற்றத்தைக் கடுமையாகத் தடுக்கும் உரிம ஒப்பந்தத்தின் வழி மென்பொருள் பெற்றவர் அப்பிரதியின் உடைமையாளர் ஆகார் எனத் தீர்ப்பளித்தது. 2013-இல் அடோபி நிறுவனம் தன் படக்கலை மென்பொருள்களின் புதிய பதிப்புகளை ஒருமுறை விலைக்கு விற்பதை நிறுத்தி, சந்தா முறைக்கு மாற்றியது. உடைமையாளராயிருந்தவர் உரிமம் பெற்றவராயினர்; உரிமம் பெற்றவர் குடிக்கூலிக்கு இருப்பார் போலாயினர்.

உரிமத்தை எண்ணும் முறைகளும் பல. சில உரிமங்கள் கணினி ஒன்றுக்கு ஒன்றாக எண்ணப்படும். சில, பணியாளர் ஒருவருக்கு ஒன்றாக எண்ணப்படும். பெருங்கணினிகளில் இயங்குவன, அக்கணினியின் மூளையாகிய செயலகத்தின் உட்கூறுகளைக் கொண்டு எண்ணப்படும். எம்முறையைக் கொள்வது என்பதில் நகரசபைக்கு நட்டமும் இலாபமும் அடங்கியிருக்கின்றன. தீயணைப்பு நிலையத்தில் ஒரு கணினியை மூன்று முறைக்காரரும் மாறி மாறிப் பயன்படுத்துவராயின், ஆளை எண்ணாது கணினியை எண்ணுவதே சிக்கனம். நகர நிர்வாகி ஒருவர் மேசைக் கணினியும் மடிக் கணினியும் கைப்பேசியுமாக மூன்று கருவிகளைப் பயன்படுத்துவாராயின், கருவியை எண்ணாது ஆளை எண்ணுவதே சிக்கனம். இதனை ஆராயாது எல்லாருக்கும் ஒரே வகை உரிமம் வாங்கும் ஊர், வேண்டாத பொருளுக்கு ஆண்டுதோறும் விலை கொடுக்கும்.

சிறு நகரத்தின் இடர்ப்பாடு

2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க ஐக்கிய நாட்டில் 90,000-க்கு மேற்பட்ட ஸ்தல ஸ்தாபனங்கள் உள்ளன. நம் ஜில்லாவை ஒருவாறு ஒக்கும் கவுண்டிகள், நகரங்கள், சிற்றூர்கள், பள்ளி வட்டாரங்கள், நீர் வழங்கும் வட்டாரங்கள் ஆகிய யாவும் இவற்றுள் அடங்கும். பல, நூறு பேருக்குக் குறைந்த பணியாளரையே உடையன. ஆயினும் வேலைகள் சிலவல்ல. நீர்வரிக் கணக்கு, சம்பளப் பட்டியல், போலீஸ் அறிக்கை, நிலப்படம், நூல்நிலையப் பதிவு, மன்றக் கூட்டக் குறிப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மென்பொருள் வேண்டும்.

ஒரு சிறு நகரத்தை உதாரணமாகக் கற்பித்துக் கொள்வோம். அதற்கு 300 பணியாளர்கள். அலுவலகப் பணிக்குரிய மென்பொருளுக்கு 300 உரிமங்கள் வாங்கவேண்டும். சட்டப்படி அது விளம்பரம் செய்து, ஒப்பந்தப்புள்ளிகளை முத்திரையிட்ட உறையிலோ அதற்கொத்த வேறு வழியிலோ பெற்று, குறித்த நாளில் திறந்து, ஒப்புநோக்கி, மன்றத்தின் இசைவைப் பெறவேண்டும். இதற்கு வாரங்கள் பல செல்லும்; வழக்கறிஞர் கூலியும் எழுத்தர் உழைப்பும் செலவாகும். அவ்வளவும் முடிந்தபின் விற்பனையாளன் கூறுவது யாது? 300 உரிமத்துக்கு இதுவே விலை என்பதேயாம்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் பெருநிறுவனங்களோடு செய்துகொள்ளும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நெடுங்காலம் நான்கு விலைப் படிகள் இருந்தன. 2,400-க்குக் குறைந்த எண்ணிக்கை முதற்படி. 2,400 முதல் 5,999 வரை இரண்டாம் படி. 6,000 முதல் 14,999 வரை மூன்றாம் படி. 15,000-உம் அதற்கு மேலும் நான்காம் படி. படி உயர உயர ஓர் உரிமத்தின் விலை தாழும். 300 பேருள்ள ஊர் தனித்து நின்றால் முதற்படியிலேயே நிற்கும். ஐம்பது ஊர்கள் ஒன்றாய் நின்றால் 15,000 ஆகிவிடும். மரம் தோப்பானதன் பயன் இதுவே.

எனினும் இப்படிகள் இயற்கை நியதியால் அமைந்தனவல்ல, விற்பவன் வகுத்தனவே. 2025 நவம்பர் 1 முதல் அந்நிறுவனம் இணையவழிச் சேவைகளுக்கு இப்படி வேறுபாட்டை நீக்கி, வணிக நிறுவனங்கள் யாவற்றுக்கும் முதற்படி விலையையே வைத்தது. அமெரிக்க அரசாங்கங்களுக்குரிய விலைப்பட்டியல் அம்மாற்றத்துக்கு உட்படவில்லை. ஆயினும் விற்பவன் அளித்த சலுகையை விற்பவனே திரும்பப் பெறக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

கூட்டுக் கொள்முதல் வளர்ந்த வரலாறு

அரசாங்கங்கள் கூடி வாங்குதல் மென்பொருளால் தோன்றியதன்று. மாநிலங்களின் கொள்முதல் அதிகாரிகள் 1947-ஆம் ஆண்டிலேயே ஒரு தேசியச் சங்கம் அமைத்தனர். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1979-இல் வெளியிட்ட மாதிரிக் கொள்முதற் சட்டத்தில், அரசாங்கங்கள் தம்முட் கூடி வாங்குதற்கென ஓர் இயலே வகுக்கப்பட்டது. 1993-இல் மேற்கு மாநிலங்கள் ஓர் ஒப்பந்தக் கூட்டணியை அமைத்தன. அக்கூட்டணி பின்னர் மேற்கூறிய தேசியச் சங்கத்தோடு இணைந்து, நாஸ்போ வேல்யூபாயிண்ட் என்னும் பெயரால் நாடு முழுவதற்கும் பயன்படுவதாயிற்று. மினசோட்டா மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்து, 2018 முதல் சோர்ஸ்வெல் என வழங்கும் நிறுவனமும் இவ்வகைத் தொண்டையே செய்கின்றது. டெக்சாஸ் மாநிலத்தில் தகவல் வளங்களுக்கான இலாகா செய்யும் ஒப்பந்தங்களை அம்மாநிலத்து நகரங்களும் கவுண்டிகளும் பள்ளி வட்டாரங்களும் பயன்படுத்துகின்றன. கலிபோர்னியாவில் ரிவர்சைடு கவுண்டி மைக்ரோசாப்டோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே பிற கவுண்டிகளும் நகரங்களும் உரிமம் பெற்றுவந்துள்ளன. மத்திய அரசாங்கமும் 2002-ஆம் ஆண்டு மின்னாட்சிச் சட்டத்தின் 211-ஆம் பிரிவால், தான் தகவல் தொழில் நுட்பப் பொருள்களுக்குச் செய்துவைத்த ஒப்பந்தங்களை மாநிலங்களுக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் திறந்துவிட்டது.

சேரும் முறை

ஒரு நகரம் இத்தகைய ஒப்பந்தத்தில் சேருமாறு யாங்ஙனம் என்பதை இனி நோக்குவோம். நாஸ்போ வேல்யூபாயிண்டின் மென்பொருள் மறுவிற்பனை ஒப்பந்தத்தையே சான்றாகக் கொள்வோம்.

முதலாவது, ஒரு மாநிலம் தலைமை ஏற்கும். இவ்வொப்பந்தத்தில் தலைமை ஏற்றது அரிசோனா மாநிலமாகும். பல மாநிலத்து அதிகாரிகளைக் கொண்ட குழு உதவி செய்ய, தலைமை மாநிலம் தன் சட்டப்படி விளம்பரம் செய்து ஒப்பந்தப்புள்ளிகளைப் பெற்று ஆராயும். இரண்டாவது, தெரிந்தெடுக்கப்பெற்ற விற்பனையாளரோடு தலைமை ஒப்பந்தம் கையெழுத்தாகும். மூன்றாவது, சேர விரும்பும் ஒவ்வொரு மாநிலமும் அவ்விற்பனையாளரோடு ஒரு சேர்க்கை உடன்படிக்கை செய்துகொள்ளும். தன் மாநிலச் சட்டத்துக்கு இன்றியமையாத விதிகளை அதிற் சேர்க்கும். தன் எல்லைக்குட்பட்ட நகரங்களும் பயன்படுத்தலாமோ என்பதையும் குறிக்கும். நான்காவது, நகரமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, தன் மாநிலச் சட்டம் இதற்கு இடந்தருகின்றதென்பதைத் தெளிந்து, ஒப்பந்த எண்ணைக் குறித்துக் கொள்முதல் ஆணை விடுக்கும்.

இங்கே நாம் இலக்கணத்திற் கற்றது நினைவுக்கு வருகின்றது. தலைமை ஒப்பந்தம் பொதுவிதி. சேர்க்கை உடன்படிக்கை சிறப்புவிதி. இரண்டும் முரணுமிடத்துச் சிறப்புவிதியே வலியுடைத்தாம். நாஸ்போ ஒப்பந்தங்களில் ஆவணங்களின் முதன்மை வரிசை வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. சேர்க்கை உடன்படிக்கை முதலிலும், தலைமை ஒப்பந்தம் அதன் பின்னும், கொள்முதல் ஆணை முதலியன அதன் பின்னும் நிற்கும். இவ்வரிசையை அறியாத எழுத்தர், விற்பனையாளன் அனுப்பிய விலைக்குறிப்பின் அடியிற் சிற்றெழுத்தில் கண்ட விதியே முடிந்த முடிபு எனக் கருதி மயங்குவர்.

சட்டத்தின் ஆதரவும் இதற்கு உண்டு. டெக்சாஸ் மாநில உள்ளாட்சிச் சட்டத்தின் 271-ஆம் அதிகாரம், கூட்டுக் கொள்முதல் திட்டத்தின் வழி வாங்கும் ஸ்தல ஸ்தாபனம் போட்டி விலை கேட்க வேண்டுமென்னும் மாநிலச் சட்டத்தை நிறைவேற்றியதாகவே கொள்ளப்படும் எனக் கூறுகின்றது. மத்திய அரசாங்கத்தின் நன்கொடைப் பணத்தைச் செலவிடுதற்குரிய விதிகளும், பொதுவான பொருள்களுக்கு அரசாங்கங்கள் தம்முள் உடன்படிக்கை செய்துகொள்வதை ஊக்குகின்றன.

நன்மைகள்

விலைக் குறைவே இதன் நன்மை என்று பலர் கருதுவர். யாமும் முதலில் அங்ஙனமே கருதினோம். ஆயின் ஆராயுமிடத்து அதனினும் பெரிய நன்மை வேறொன்று உண்டெனத் தெளிந்தோம். அது விதிகளைப் பற்றியது.

மென்பொருளை நிறுவும்போது நீண்ட விதித்தொகுதி ஒன்று திரையில் தோன்றுவதையும், அதனைப் படியாமலே 'இசைகிறேன்' என்னும் பொத்தானை நாம் அழுத்துவதையும் யாவரும் அறிவர். தனி மனிதர் அங்ஙனம் செய்யலாம். நகரசபை செய்யலாகாது. என்னை? விற்பவனுக்கு நேரும் இழப்பையெல்லாம் வாங்குபவன் ஈடு செய்யவேண்டும் என்று அவ்விதி கூறக்கூடும். பல மாநிலங்களின் சட்டம் அத்தகைய வரம்பற்ற பொறுப்பை ஏற்க ஸ்தல ஸ்தாபனத்தைத் தடுக்கின்றது. வழக்கு வேறு மாநிலத்து நீதிமன்றத்தில் நடைபெற வேண்டும் என்று கூறக்கூடும். ஒப்பந்தம் முழுதும் இரகசியம் என்று கூறக்கூடும். பொது ஆவணங்களைக் குடிகள் பார்வையிடலாம் என்னும் சட்டத்தோடு அது முரணும். மூன்றாண்டுக்குப் பணம் செலுத்தியே தீரவேண்டும் என்று கூறக்கூடும். ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றும் மன்றமோ, பணம் ஒதுக்கப்படாவிடில் ஒப்பந்தம் முடிவுறும் என்னும் விதியை வேண்டும்.

300 பேருள்ள நகரம் இவ்விதிகளை மாற்றித் தருமாறு உலகப் பெருநிறுவனத்தைக் கேட்டால் யார் செவி சாய்ப்பார்? பல மாநிலங்கள் ஒன்றாய் நின்று கேட்குமிடத்து விற்பவன் இசைந்தே தீரவேண்டியிருக்கின்றது. திரையில் தோன்றும் விதியால் தலைமை ஒப்பந்தத்தை மாற்ற இயலாது என்றும் எழுதிக்கொள்ளலாம். பெருநகரத்துச் சட்ட அறிஞரின் உழைப்பு இவ்வாறு சிற்றூருக்கும் பயன்படுகின்றது. இது விலைப்பட்டியலிற் காணப்படாத இலாபமாகும்.

காலமும் மிகுகின்றது. தனித்து விளம்பரம் செய்தால் மாதங்கள் செல்லும் வேலை, கூட்டு ஒப்பந்தத்தால் விரைவில் முடியும். இதனால் சிற்றூர்க் கணினி அலுவலர், உறைகளைத் திறந்து எண்ணுதலை விடுத்துத் தம் உண்மைப் பணியிற் கருத்தைச் செலுத்தலாம்.

குறைகள்

குணம் மட்டும் கூறிக் குற்றம் மறைத்தல் ஆராய்ச்சியன்று. ஆதலின் மறுபக்கத்தையும் நோக்குவோம்.

முதற் குறை, போட்டி எங்கே நிகழ்ந்தது என்பதைப் பற்றியது. மறுவிற்பனை ஒப்பந்தத்தில் போட்டியிடுவோர் மென்பொருளை ஆக்கியோரல்லர். அதனை வாங்கி விற்கும் இடையோர். அவர் தம்முட் போட்டியிடுவது, ஆக்கியோன் விலைக்கு மேல் தாம் கொள்ளும் சிறு இலாபத்தை அல்லது பட்டியல் விலையில் தாம் தள்ளிக்கொடுக்கும் பகுதியைக் குறித்தேயாம். ஆக்கியோன் விலையோ அப்போட்டிக்குள் வருவதில்லை. நெல்லின் விலையை மில்காரன் தனித்து நிர்ணயித்துவிட, வண்டிக் கூலிக்கு மாத்திரம் ஏலம் கேட்பது போன்றது இது. போட்டி நடந்தது என்று மன்றத்தார் மனநிறைவு கொள்கின்றனர், நடந்தது உண்மையே, ஆயின் அது வண்டிக் கூலியைப் பற்றிய போட்டி.

இரண்டாங் குறை, எழுதிய விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வேற்றுமை. கலிபோர்னியாவில் எழுதுபொருள் விற்கும் பெருநிறுவனம் ஒன்று, நாடளாவிய கூட்டு ஒப்பந்தத்தில் வாக்களித்த மிகக் குறைந்த விலையை நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் பள்ளிகளுக்கும் அளித்திலது என வழக்குத் தொடரப்பெற்றது. அந்நிறுவனம் பிழை செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே 68 மில்லியன் டாலருக்கு மேற்பட்ட தொகையைக் கொடுக்க உடன்பட, 2015-ஆம் ஆண்டில் வழக்கு முடிவுற்றது. வாங்கப்பட்டவை தாளும் பேனாவும் முதலியனவே, மென்பொருளல்ல. எனினும் படிப்பினை ஒன்றே. கூட்டு ஒப்பந்தம் என்னும் பெயரை நம்பி விலைச்சீட்டை ஒப்புநோக்காது விடுவார், பிறர் நேர்மையை மாத்திரமே நம்பி நிற்பவராவர்.

மூன்றாங் குறை, கூட்டு அமைப்பின் பொருள் வருவாய். இவ்வமைப்புகளிற் பல, விற்பனைத் தொகையில் ஒரு சிறு வீதத்தை விற்பவனிடமிருந்து பெற்றே நடைபெறுகின்றன. அவ்வீதம் எவ்வாற்றானும் விலைக்குள் அடங்கியதேயன்றோ? மேலும், விற்பனை பெருகப் பெருக அமைப்பின் வருவாய் பெருகும். குறைவாக வாங்குக என அறிவுரை கூறுதற்கு அதற்குப் பொருள்வகைக் காரணம் இல்லை. இது குற்றச்சாட்டன்று, அமைப்பின் இயல்பு. அவ்வறிவுரையை நகரம் தனக்குத் தானே கூறிக்கொள்ள வேண்டும் என்பதே இதன் கருத்து.

நான்காங் குறை எல்லாவற்றினும் கொடிது. அது பழக்கத்தின் பிணிப்பு. ஒரே மென்பொருளில் பத்தாண்டு எழுதிய கடிதங்களும் கணக்குகளும் அதனையே சார்ந்துவிடும். பணியாளர் விரல்களும் அதற்கே பழகிவிடும். ஒப்பந்தம் எளிதாயிருத்தலின், வேறு வழி உண்டோ எனக் கேட்பாரும் இலராவர். வேறு வழியை நாடினவரும் உளர். ஜெர்மானிய தேசத்து மியூனிக் நகரமன்றம் 2003-இல் கட்டற்ற மென்பொருளுக்கு மாறத் தீர்மானித்து, சுமார் 15,000 கணினிகளைப் படிப்படியே மாற்றி, 2013-இல் அவ்வேலையை முடித்தது. பின் 2017-இல் அதே மன்றம் பழைய வழிக்கே திரும்பத் தீர்மானித்தது. அந்நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ 2024-இல் சுமார் 30,000 கணினிகளை லிபர்ஆபீஸ் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றுவதாக அறிவித்தது. இவற்றுள் எது சரி எனத் தீர்ப்பளிப்பது எம் கருத்தன்று. மாறுவதும் எளிதன்று, நிலைத்திருப்பதும் இலவசமன்று என்பதையே இவ்விரண்டும் காட்டுகின்றன.

மன்றத்தார் வினவவேண்டுவன

இவ்வளவும் ஆராய்ந்தபின், கூட்டு ஒப்பந்தத்திற் சேரப்புகும் மன்றத்தார் ஐந்து வினாக்களை எழுப்பி விடை காணவேண்டும் என யாம் கருதுகிறோம்.

ஒன்று, நமக்கு வேண்டுவன எத்தனை? பணியாளர் பட்டியலைக் கொண்டு எண்ணுதல் போதாது. கணினியில் உண்மையிற் பயன்படுத்துவார் யாவர், வேலையை விட்டுச் சென்றார் பெயரில் உரிமம் இன்னும் ஓடுகின்றதோ, மின்னஞ்சல் மாத்திரம் வேண்டுவார்க்கு முழுத்தொகுதி கொடுக்கப்பட்டுள்ளதோ என ஆராய்தல் வேண்டும். மூன்றாண்டு ஒப்பந்தங்களில் ஆண்டுதோறும் மிகுந்த எண்ணிக்கையைக் கணக்கிட்டுச் சேர்க்கும் வழக்கம் உண்டு. மிகுதியைக் கேட்பதற்கு விற்பவன் மறவான். குறைவைச் சொல்வதற்கு வாங்குபவனே நினைவுகூர வேண்டும்.

இரண்டு, நம் மாநிலச் சட்டம் இடந்தருகின்றதோ? தலைமை மாநிலம் நடத்திய விளம்பரமும் ஆராய்ச்சியும் நம் சட்டம் வேண்டும் அளவினவோ? அவ்வாவணங்களைப் பெற்று நகரக் கோப்பில் வைத்தல் வேண்டும். தணிக்கையாளர் கேட்குமிடத்து, பிறர் செய்தனர் என்பது விடையாகாது.

மூன்று, இவ்விலையே முடிந்த விலையோ? கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது பல இடத்தும் மேலெல்லையே. அதற்குக் கீழே கேட்கத் தடையில்லை. ஒரே ஒப்பந்தத்தில் விற்பனையாளர் பலர் இருப்பின், இருவர் மூவரிடம் விலை கேட்டு ஒப்புநோக்குவது ஒரு நாள் வேலையே.

நான்கு, நம் ஊருக்கே உரிய தேவை யாது? போலீஸ் இலாகாவின் குற்றப்பதிவுகளைக் காக்க மத்தியப் புலனாய்வு நிலையமாகிய எப்.பி.ஐ. தனிப் பாதுகாப்பு விதிகள் வகுத்துள்ளது. அவற்றைப் பொதுவிதி கூறாதாயின், நம் ஆணையில் நாமே எழுதிச் சேர்த்தல் வேண்டும்.

ஐந்து, வெளியேறுமாறு எங்ஙனம்? ஒப்பந்தம் முடியும் நாளில் நம் ஆவணங்கள் எவ்வடிவில் எத்தனை நாளுக்குள் நம் கைக்கு வரும் என்பதை, உள்ளே புகும் நாளிலேயே எழுதி வாங்க வேண்டும். சந்தா நின்ற நாளில் குடிகளின் நீர்வரிக் கணக்கு பூட்டிய அறைக்குள் அகப்படுமாயின், அவ்வூர் விலை குறைவாக வாங்கியதால் வந்த பயன் யாது?

முடிவுரை

ராச்டேல் நகரத்து 28 பேரை மீண்டும் நினைவு கூர்வோம். அவர் வென்றது கூடி வாங்கியதனால் மாத்திரமன்று. தாம் வாங்கும் மாவு கலப்பற்றதோ, நிறை சரியானதோ எனத் தாமே பார்த்தனர்; கணக்கைத் தாமே கேட்டனர். கூட்டுறவின் உயிர் அவ்விழிப்பிலேயே இருக்கின்றது. ஸ்தல ஸ்தாபனங்கள் மென்பொருளைக் கூடி வாங்குதல் நன்றே. சிற்றூருக்குப் பேரூரின் வலிமையை அது தருகின்றது. ஆயின் அவ்வலிமை, எண்ணிப் பார்க்கும் கடமையையும் படித்துப் பார்க்கும் கடமையையும் நீக்கிவிடுவதில்லை. தலைமை மாநிலம் நமக்காக விலை கேட்கலாம். நமக்கு எத்தனை வேண்டும் என்பதை அஃது எண்ணித் தராது.

நம்முட் சிலர் நாளை நகரசபையில் எழுத்தராகவோ தணிக்கையாளராகவோ அமரக்கூடும். சிலர் மன்ற உறுப்பினராகவும் ஆகலாம். அன்று நம் மேசைமீது நீண்ட ஒப்பந்தமொன்று கையெழுத்துக்காக வந்து கிடக்கும். முன்னரே பலர் கையெழுத்திட்டனர், ஆதலின் நீரும் இடுக என்பார் உடனிருப்பார். சூத்திரத்தின் ஒரு சொல்லுக்காக ஒரு மணி நேரம் வாதிடப் பழகிய நாம், அன்று அதனைப் படித்த பின்னரே பேனாவை எடுப்போமாக.